மூன்று பிள்ளைகள், ஒரே பாய்: வீட்டுவழிக் கல்வியில் எழுத்துப் பயிற்சி

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் மூன்று பிள்ளைகளையும் இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே படிக்கவைக்கிறோம். மூத்தவனுக்கு 13 வயது, நடுவில் உள்ள மகளுக்கு 10, கடைக்குட்டிக்கு 7. கணக்கும் அறிவியலும் ஒருவாறு நடக்கின்றன. எழுத்துப் பயிற்சிதான் இடிக்கிறது. அமெரிக்காவில் பிள்ளைகளை வீட்டில் படிக்கவைக்கும் குடும்பங்கள் பயன்படுத்தும் ஆங்கில எழுத்துப் பாடத்திட்டம் ஒன்றின் முதல் நிலையை, ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து, மகளுக்காக வாங்கினோம். மூத்தவனையும் அதிலேயே உட்காரவைத்தோம். அவன் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக நிரப்புகிறான். தமிழில் கட்டுரை எழுதச் சொன்னால் பலசரக்குக் கடைச் சிட்டையைப் போல எழுதிவைக்கிறான். மகள் வாய் ஓயாமல் பேசுவாள், தாளில் நான்கு வரிக்கு மேல் வராது. சின்னவன் பென்சிலைப் பிடித்து அரை மணி ஆனால் அழுகிறான். ஆளுக்கு ஒரு நிலைப் புத்தகம் வாங்கவேண்டுமா? தமிழுக்கு என்ன செய்வது? ட்யூஷனுக்கு அனுப்பிவிடச் சொல்கிறார்கள் என் மதினி.
— ஒரு தாய், சேரன்மகாதேவி

பதில்: மூன்று புத்தகம் வேண்டாம், சகோதரி. வாங்கிய ஒன்றையும் பரணில் போட்டுவிட வேண்டாம். அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ட்யூஷனைப் பற்றி உங்கள் மதினியிடம் நான் வழக்காட வரவில்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் கட்டுரையை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைக்கிறார்கள் என்பதால், உங்கள் பிள்ளைகளின் சிக்கல் அங்கே தீராது. கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

நீங்கள் வாங்கிய வகைத் திட்டங்களில் நிலைகள் வகுப்பை வைத்துப் பிரிக்கப்படுகின்றன: 3 முதல் 5 வரை ஒரு நிலை, 6 முதல் 8 வரை அடுத்தது, 9 முதல் 12 வரை மூன்றாவது. விற்பவருக்கு அப்படி ஒரு பிரிவு தேவைப்படுகிறது. பிள்ளை கண்ணெதிரே இருக்கும்போது வயதைக் கேட்டு நிலையை முடிவுசெய்வது, காலை அளந்து பாராமல் வயதைச் சொல்லிச் செருப்பு வாங்குவதற்குச் சமம். எழுதுவது என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. எழுத்தைக் கை வடிக்க வேண்டும்; எழுதி முடிக்கும்வரை வாக்கியத்தை மனம் பிடித்துவைத்திருக்க வேண்டும்; சொல்லவேண்டியது இன்னதென்று தேர்ந்து அதை வரிசைப்படுத்த வேண்டும். இந்த மூன்றில் எது தட்டுகிறது என்று பாராமல் வாங்கும் பாடத்திட்டம் பொருந்தினால் அது உங்கள் நல்ல நேரம்.

ஆகவே, பணத்தை எடுப்பதற்கு முன் நான்கு நாள்களைச் செலவிடுங்கள். ஐந்தாறு வரியுள்ள ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள், அதில் இரண்டு வாக்கியங்களைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு, நோட்டைப் பார்க்காமல் பிள்ளையின் கண்ணைப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து தலை நிமிர்கிறதா, சொல்லுக்குச் சொல் நிமிர்கிறதா, ஒரு தொடரை விழுங்கிக்கொண்டு குனிந்து எழுதுகிறதா? இரண்டாம் நாள், ஒரு வாக்கியத்தை ஒரே ஒரு முறை சொல்லி எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் நாள், பத்தி முழுவதையும் படித்துக்காட்டி, வாயால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். நான்காம் நாள், அவ்வாறு சொன்னதை எழுதச் சொல்லுங்கள். எந்த நாளில் தடுக்குகிறதோ அதுவே அந்தப் பிள்ளையின் நிலை. 13 வயதுப் பையன் இரண்டாம் நாளில் தடுக்கினால் அதிர்ந்துவிடாதீர்கள். பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்த எனக்கு, பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் ஒரு நீண்ட வாக்கியத்தைக் கேட்டு எழுத முடியாமல் நடுவில் விட்டுவிடும் பிள்ளைகள் ஆண்டுதோறும் வகுப்பில் இருந்தார்கள்.

பார்த்து எழுதுதல், சொல்வதை எழுதுதல், கேட்டதைத் திரும்பச் சொல்லுதல் என்னும் இந்த வரிசை நான் கண்டுபிடித்தது அன்று. இங்கிலாந்தில் சார்லட் மேசன் (1842–1923) என்னும் கல்வியாளர், ஆறு வயது முதல் வாயால் திரும்பச் சொல்லவைத்து, ஏறத்தாழ பத்து வயதில்தான் அதை எழுதவைக்கவேண்டும் என்று வகுத்தார். மேலை நாடுகளில் இன்று வீட்டுவழிக் கல்வி பெறும் பிள்ளைகளில் பலர் படிப்பது அவர் வழியில்தான். நம் திண்ணைப் பள்ளிகளிலும் மணலில் விரலால் எழுதிப் பழகி, வாயால் ஒப்பித்து, அதன் பிறகே பிள்ளைகள் ஓலைக்கு வந்தார்கள்.

ஆயினும் அந்த வழியை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் ஓர் இடத்தில் முட்டும். ஆங்கிலத்தில் பிள்ளை வாயால் சொன்னதை எழுதினால் அது ஏறக்குறைய எழுத்துமொழியாகவே நிற்கும். நம் பிள்ளை “ஆச்சி வந்தாவ” என்று சொல்லும். “ஆச்சி வந்தார்கள்” என்று எழுதவேண்டும். “அவிய சொல்லுதாவ” என்பது தாளில் “அவர்கள் சொல்கிறார்கள்” ஆகவேண்டும். அதாவது, சொல்லுவதற்கும் எழுதுவதற்கும் நடுவில் நம் பிள்ளைகளுக்கு மட்டும் இன்னொரு படி இருக்கிறது. உங்கள் மகள் வாய் ஓயாமல் பேசியும் தாளில் நான்கு வரியோடு நின்றுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். அவளுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது, கையும் ஓடுகிறது. ஒவ்வொரு சொல்லையும் பேச்சிலிருந்து எழுத்துக்கு மாற்றும் சுமையில் களைத்துவிடுகிறாள். வெளிநாட்டிலிருந்து வாங்கும் எந்தத் திட்டத்திலும் இந்தப் படிக்கு ஒரு பக்கம்கூட இருக்காது. இதை நீங்களேதான் சேர்க்கவேண்டும்.

எப்படி என்று ஒரு பாடத்தை வைத்தே காட்டுகிறேன். உங்கள் ஊரிலிருந்து பத்தமடை கூப்பிடு தூரம். ஒரு நாள் மூன்று பேரையும் பாய் நெய்யும் வீடு ஒன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். கோரையை அறுத்துவந்து, கிழித்து, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, மறுபடி உலர்த்தி, நூல் பாவில் ஒவ்வோர் இழையாகக் கோத்து நெய்வதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். கேள்வி கேட்கவிடுங்கள். வீடு திரும்பியதும் மூவரையும் ஒரே பாயில் உட்காரவைத்துவிடலாம். பாடம் ஒன்றுதான்; ஒவ்வொருவரிடமும் கேட்பதுதான் வேறு.

சின்னவனிடம், பார்த்ததில் ஒன்றை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். “கோரைய தண்ணியில ஊற வைக்காவ” என்பான். அதை நீங்கள் இரட்டை வரி நோட்டில், “கோரையைத் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள்” என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். தான் சொன்னதுதான் எழுத்தில் இப்படி ஆகியிருக்கிறது என்பதை அவன் கண்டுகொள்வான். அதைப் பார்த்து ஒரு முறை எழுதட்டும், முடிந்தது. பத்து நிமிடம். அரை மணி நேரம் ஏழு வயதுக் கைக்கு மிக அதிகம். அவன் அழுவதில் பிழையில்லை. எழுத்து வடிவம் இன்னும் சீராகவில்லை என்றால், அகரவரிசையைத் திரும்பத் திரும்ப எழுதவைப்பதை விட்டு, ட, ப, ம, ய என்று நேர்கோட்டில் அமையும் எழுத்துகளில் தொடங்கி, அ, இ, ஞ, ஐ போன்ற சுழிகளுக்குக் கடைசியில் வாருங்கள். படம், பட்டம் போன்ற சொற்களை முதலில் எழுதக் கொடுக்கலாம்.

மகளிடம் முழுவதையும் சொல்லச் சொல்லுங்கள். அவள் பேச்சுவழக்கிலேயே சொல்லட்டும், குறுக்கிடாதீர்கள். இங்கேதான் நீங்கள் வாங்கிய புத்தகம் உதவும். ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் மூன்று சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, மூலத்தை மூடிவிட்டு, அந்தச் சொற்களைக் கொண்டு வாக்கியத்தைத் தானே கட்டும் பயிற்சி அதில் இருக்கும், நல்ல பயிற்சி. தமிழில் மூன்று சொல்கூட வேண்டாம், இரண்டு போதும், ஏனென்றால் நம் வினைச்சொல் ஒன்றே காலத்தையும் ஆளையும் எண்ணிக்கையையும் சுமந்துகொண்டு நிற்கிறது. அவள் வினையின் அடியை மட்டும் குறிக்கட்டும்: கோரை, அறு, இழை, கிழி, நீர், ஊறு, வெயில், உலர். அவற்றை விரிக்கும்போது முதலில் இப்படித்தான் எழுதுவாள்: “கோரையை அறுக்கிறார்கள். பிறகு கிழிக்கிறார்கள். பிறகு ஊற வைக்கிறார்கள். பிறகு உலர்த்துகிறார்கள்.” எழுதட்டும். மறுநாள் அந்த நான்கையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள்: “கோரையை அறுத்து, கிழித்து, ஊறவைத்து, உலர்த்துகிறார்கள்.” வினையெச்சம் என்று பெயரைச் சொல்லி அச்சுறுத்தவேண்டாம், நான்கு “பிறகு”களை விழுங்கிவிட்ட மகிழ்ச்சி போதும்.

அதே ஆங்கிலப் புத்தகத்தில், வாக்கியத்தை அழகுபடுத்துவதற்காக ஒவ்வொரு பத்தியிலும் ஒரு வினையடையும், ‘ஹூ’, ‘விச்’ கொண்டு தொடங்கும் ஒரு துணைவாக்கியமும் சேர்க்கச் சொல்லும் பயிற்சிகள் வரும். அவற்றைத் தமிழில் செய்யவைக்காதீர்கள். செய்தால் “எந்தப் பாய் மெல்லியதாக இருக்கிறதோ அந்தப் பாய்” என்று எழுதத் தொடங்குவாள். “மெல்லிய பாய்” என்பதே நம் வழக்கம். வினையடையைக் கட்டாயமாக்கினால் எல்லாரும் “மகிழ்ச்சியாக” வருவார்கள், “அழகாக” நெய்வார்கள், “வேகமாக” போவார்கள். மூத்தவனுடைய தமிழ்க் கட்டுரை சிட்டையாக வருவதற்கு ஆங்கிலத்தில் அவன் பழகிய வாக்கிய அமைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். வாக்கியத்துக்கு வாக்கியம் முற்றுப்புள்ளி வைத்து நிறுத்துவது ஆங்கிலத்தில் செல்லும். எச்சங்களால் கோத்துக்கொண்டு ஓடுவது தமிழின் நடை.

மூத்தவனுக்கு வேலை வேறு. பார்த்ததை வரிசையாகச் சொல்வது அவனுக்குப் போதாது. “இந்தப் பாயின் விலை ஏன் இவ்வளவு?” என்று கேட்டு, காரணத்தோடு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். காரணம் கேட்டால் சிட்டை எழுத முடியாது. ஒன்றை ஒன்றோடு கட்டியே ஆகவேண்டும். எழுதி முடித்ததும் நீங்கள் திருத்தாதீர்கள். பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்லியிருக்கிறார். அவற்றில் மூன்றை மட்டும் ஓர் அட்டையில் எழுதி அவனிடமே கொடுங்கள்: கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். சொன்னதையே எங்கே மறுபடி சொன்னேன், கேட்டதை விட்டுவிட்டு எங்கே வேறொன்றுக்குப் போனேன், முதலில் விறுவிறுப்பாகத் தொடங்கி எங்கே தேய்ந்துபோனேன் என்று அவனே பென்சிலால் கோடு போடட்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தன் பிழையை அம்மா கண்டுபிடிப்பது பிடிக்காது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய முனிவர் கண்டுபிடித்தால் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வான். எந்தக் கட்டுரையிலும் மூன்றாவது குற்றமே அதிகம் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

தமிழுக்குத் தனியாக ஒரு திட்டம் வேண்டும் என்றால், அது உங்கள் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் பாடநூல்களை இணையத்தில் விலையின்றிப் பதிவிறக்கலாம். ஆறாம் வகுப்பு முதல் வரும் தமிழ்ப் பாடநூல்களில், இயல்தோறும் “மொழியை ஆள்வோம்” என்று ஒரு பகுதி உண்டு; கேட்டு எழுதுதல், கடிதம், கட்டுரை எல்லாம் அதில் வரிசையாகக் கிடைக்கும். பள்ளிகளில் பாடத்தை முடிக்கும் அவசரத்தில் இந்தப் பகுதி விடுபட்டுப்போவது வழக்கம். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. ஆறாம் வகுப்பு நூலின் அந்தப் பகுதிகளை மூத்தவன் முதலில் செய்யட்டும். வயதுக்கு எட்டாம் வகுப்பு என்றாலும் ஆறிலிருந்து தொடங்குவதில் குறைவொன்றும் இல்லை.

கேள்வி: என் எட்டு வயது மகள் ஒரு பக்கம் எழுதினால் இருபது பிழை இருக்கிறது. “மளை”, “வாளைப்பளம்” என்றெல்லாம் எழுதுகிறாள். எல்லாவற்றையும் உடனே திருத்துவதா, விட்டுவிடுவதா?
— ஒரு தந்தை, தென்காசி

பதில்: இரண்டும் வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பையனின் கட்டுரையில் இருந்த எல்லாப் பிழைகளையும் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தேன். பக்கமே அம்மை போட்டதுபோல ஆகிவிட்டது. அடுத்த வாரம் அவன் நான்கே வரி எழுதினான், ஒரு பிழையும் இல்லை. தனக்கு உறுதியாகத் தெரிந்த சொற்களை மட்டும் பொறுக்கி எழுதியிருந்தான். பிழையைத் திருத்தப்போய் நான் எழுத்தையே நிறுத்திவிட்டேன் என்பது புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று.

உங்கள் மகள் எழுதும் “மளை” கவனக்குறைவினால் வருவது அன்று. நம் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகத்தான் ஒலிக்கிறது. காதில் விழுவதை அவள் நேர்மையாக எழுதுகிறாள். வாசிக்கும்போது நீங்கள் ழகரத்தைத் திருத்தமாக ஒலித்துக் காட்டாதவரை, எழுதும்போது மட்டும் அது வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆகவே இந்த மாதம் ழ, ள இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மழை, வாழை, பழம், கிழமை, குழம்பு என்று அவள் நாள்தோறும் புழங்கும் பத்துச் சொற்கள். அவற்றை வைத்து நாளுக்கு ஒரு வாக்கியம் சொல்லி எழுதவையுங்கள். மற்றப் பிழைகளைக் கண்டும் காணாமல் இருங்கள். அடுத்த மாதம் ர, ற. அதற்கடுத்து ன, ண. வல்லினம் மிகும் இடத்துக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் வரலாம். பெரியவர்களான நாமே அதில் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கேள்வி: வீட்டில் இப்படி நம் விருப்பத்துக்கு எழுதப் பழக்கினால், பின்னால் பொதுத்தேர்வு எழுதும்போது பிள்ளை திணறமாட்டானா? என் மகனுக்கு 12 வயது.
— அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: தேர்வுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம், பள்ளியில் சேராமல் எழுதும் தனித்தேர்வர்களுக்கு நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வை 12½ வயது நிறைந்தவர்கள் எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்பில் சேர 14 வயது ஆகியிருக்கவேண்டும். அதில் ஐந்து பாடங்கள் தேறவேண்டும், குறைந்தது ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்கவேண்டும், தமிழை எடுத்துக்கொள்ளலாம். எனவே தேர்வுக்கு ஓராண்டு முன்புவரை அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கடைசி ஓராண்டில், பழைய வினாத்தாள்களை எடுத்து, கடிகாரத்தை வைத்து, வாரம் ஒரு முறை எழுதவையுங்கள். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இரண்டு வரியில் விடை எழுதுவதும், குறிப்புகளைக் கொண்டு கட்டுரை விரிப்பதும், முகவரி முதலிய உறுப்புகளோடு கடிதம் எழுதுவதும் பழக்கத்தால் வருபவை. ஏற்கெனவே எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஓராண்டு தாராளம். கைவேகத்தை மட்டும் இப்போதிருந்தே கவனியுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதிப் பழகியிருக்கமாட்டார்கள். தேர்வுக் கூடத்தில் அவர்களைக் கைவிடுவது பெரும்பாலும் விரல்தான்.

கேள்வி: என் பேத்தி வீட்டிலேயே படிக்கிறாள். நான் அவளுக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். பழைய பழக்கத்தில் லை, னை, ணா, றா எல்லாம் எனக்குப் பழைய வடிவத்திலேயே கைக்கு வருகின்றன. பிள்ளை குழம்பிப்போவாள், நீங்கள் எழுதிக்கொடுக்காதீர்கள் என்கிறாள் மருமகள்.
— ஓர் ஆச்சி, கல்லிடைக்குறிச்சி

பதில்: 1978-ஆம் ஆண்டு அரசாணையால் மாறியவை 13 எழுத்துகள்தாம்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. பார்த்து எழுதுவதற்காக நீங்கள் எழுதிக்கொடுக்கும் வரிகளில் மட்டும் புதிய வடிவத்தை எழுதுங்கள். மருமகள் சொல்வது அந்த அளவுக்குச் சரி. ஏழெட்டு வயதுக் கை ஒரே வடிவத்தில் நிலைபெற வேண்டும். ஆனால் அவள் சரளமாக வாசிக்கத் தொடங்கிவிட்டாள் என்றால், பழைய வடிவத்தை அவளிடமிருந்து ஒளித்துவைக்கவேண்டியதில்லை. அந்தக் காலத்தில் உங்களுக்கு வந்த கடிதம் ஏதேனும் பெட்டியில் இருந்தால் எடுத்துக் கொடுங்கள். தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பழைய லை, னை போன்ற எழுத்துகள் எத்தனை இருக்கின்றன என்று முதலில் எண்ணட்டும். பிறகு கடிதத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். மறுநாள், அதை எழுதியவருக்கு அவள் ஒரு பதில் எழுதட்டும், புதிய எழுத்தில்.